காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை சொந்தப் படகில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார் பொருத்திய சின்ன பைபர் படகை வாங்கியவர்கள், நண்பரின் படகில் போக ஆசைப்படுகிறவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஓட்டிப் பழகிவிட்டு வடக்கே வர நினைப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். நான் காசிமேட்டுக்காரன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல்தான் சோறு போடுகிறது. வடசென்னைக் கரையோரம் பழவேற்காடு வரைக்கும் போகும் வழியை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு ஊர்க் கடலுக்குப் போகிறவர்களுக்கும் யோசிக்கும் முறை இதேதான்.

தெரியாத கடலுக்குப் போகும்போது முதலில் எதைத் திட்டமிட வேண்டும்?

திரும்பி வருவதை. எல்லாரும் போகிற வழியைத்தான் யோசிக்கிறார்கள். எங்கள் பக்கம் போவது சுலபம், வருவதுதான் கஷ்டம்.

காரணம் இது. பிப்ரவரியிலிருந்து மே வரை நம் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். எங்கள் ஆட்கள் அதைத் தெண்டி என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அது தலைகீழாக மாறி வடக்கிலிருந்து தெற்கே ஓடும். அது வன்னி. கடல் அமைதியாக இருக்கிறதே என்று நீங்கள் கிளம்புவது பெரும்பாலும் தெண்டி ஓடும் மாதங்களில்தான் இருக்கும். அப்போது பழவேற்காட்டுக்குப் போகும்போது தண்ணீரே உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல் காற்று வேறு கிளம்பும். நீங்கள் தெற்கே திரும்பும் நேரத்தில் நீரோட்டமும் எதிர், காற்றும் எதிர், அலையும் எதிர்.

கணக்கில் பாருங்கள். காசிமேட்டிலிருந்து பழவேற்காட்டு முகத்துவாரம், அதாவது ஏரி கடலில் சேரும் வாய், சுமார் 19 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். உங்கள் படகு அசையாத தண்ணீரில் மணிக்கு 6 கடல் மைல் ஓடும், நீரோட்டம் 2 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 8 கடல் மைல் வேகம் கிடைக்கும், இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வரும்போது 4 கடல் மைல்தான். நாலே முக்கால் மணி நேரம் ஆகும். அதே படகு, அதே மோட்டார், அதே தூரம். நீரோட்டம் எல்லா நாளும் இவ்வளவு ஓடாது. ஓடுகிற நாள் உண்டு என்பதை மனதில் வைத்துத்தான் எரிபொருளையும் நேரத்தையும் கணக்குப் போட வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

தை பிறந்து கொஞ்ச நாள் கழித்து, அதாவது ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை நல்ல காலம். காலையில் கடல் எண்ணெய் ஊற்றியது போல இருக்கும் நாட்கள் இந்த மாதங்களில்தான் அதிகம். பூநாரைகளைப் பார்க்கப் பழவேற்காட்டுக்குப் போகிறவர்களுக்கும் பிப்ரவரி ஒத்துவரும்.

கத்திரி வெயில் காலத்தில் தென் காற்று மதியத்துக்கு முன்பே ஏறிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னொரு ஆபத்து. காலையில் கரையிலிருந்து மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று அடிக்கும். கரை ஓரத்தில் அலையே இல்லாதது போலத் தெரியும். அந்த நேரத்தில் மோட்டார் நின்றால் படகு கரைக்கு வராது, வெளிக்கடலுக்குப் போகும். மாலையில் மேற்கே கறுத்துக்கொண்டு இடி மழையும் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் கடல் முகமே மாறிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழுதுபோக்குப் பயணமே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம் அது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கு. அந்த நாட்களில் கடலில் பெரிய படகு நடமாட்டம் குறைவு என்பது வசதி போலத் தெரியும். உங்களுக்கு ஏதாவது ஆனால் கயிறு போட்டு இழுத்து வரும் படகும் குறைவு என்று அர்த்தம்.

எந்த நேரத்துக்குக் கிளம்பி எப்போது திரும்ப வேண்டும்?

கிழக்கு வெளுக்கும்போது துறைமுக வாயைத் தாண்டிவிடுங்கள். பதினோரு மணிக்கெல்லாம் திரும்பி வந்து கயிறு கட்டியிருக்க வேண்டும். கோடையில் கடல் காற்று பெரும்பாலும் மதியம் ஒட்டித்தான் எழும்பும், அதற்கு முன்னால் வேலை முடிந்துவிட வேண்டும். மணிக்கு 12 கடல் மைல் ஓடும் படகாக இருந்தால் ஐந்தரைக்குக் கிளம்பி ஏழேகாலுக்குள் போய், ஒன்பது மணிக்குத் திரும்பலாம். 6 கடல் மைல் ஓடும் படகுக்கு ஒரே நாளில் போய்வரும் கணக்கு பொருந்தாது. போய், இரவு தங்கி, மறுநாள் விடியலில் திரும்புங்கள்.

காசிமேட்டுத் துறைமுக வாயில் விடியற்காலை விசைப்படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு போகும், வரும். அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாகப் போங்கள். முன்னால் புகுந்து போக முயல வேண்டாம். சரக்கோடு வரும் விசைப்படகு நினைத்த இடத்தில் நிற்காது.

வானிலை அறிவிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு இடத்தில் பாருங்கள். ஒன்று, சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மீனவர்களுக்கான எச்சரிக்கை. “மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று” என்ற வரி நம் கடலைக் குறித்து வந்திருந்தால் அன்றைக்குப் பயணம் இல்லை. இரண்டு, ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் நிலை முன்னறிவிப்பு. அதில் அலை உயரம், நீரோட்டம், காற்று எல்லாம் இடவாரியாகக் கிடைக்கும்.

புதியவர்கள் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி இடைவெளி என்றும் போட்டிருக்கும், அதையும் பாருங்கள். இடைவெளி 5, 6 விநாடி என்றால் பக்கத்திலேயே அடிக்கும் காற்று கிளப்பிய அலை. படகைக் குலுக்கும், நனைக்கும். 12, 14 விநாடி என்றால் தூரத்தில் எங்கோ அடித்த புயல் அனுப்பிய அலை. நடுக்கடலில் அது படகைத் தொட்டில் போல மெல்லத் தூக்கி இறக்கும், ஒன்றுமே தெரியாது. ஆழம் குறைந்த முகத்துவாரத்துக்கு வந்ததும் அதே அலை எழுந்து நின்று உடையும். அறிவிப்பில் ஒரே 1 மீட்டர்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

துறைமுகத்தில் எண் 1 புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தாலே நிறுத்திவிடுங்கள். “ஒண்ணாம் நம்பர்தானே, புயல் தூரத்துல இருக்கு” என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம். புயல் தூரத்தில் இருக்கும்போதே அதன் அலை நம் கரைக்கு வந்துவிடும்.

கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. சாலைக்கான வரைபடத்தில் கடல் வெறும் நீல நிறம். அந்த நீலத்துக்குள் ஆழம் எவ்வளவு, கல் எங்கே, கப்பல் வழி எங்கே, நங்கூரம் போடக் கூடாத இடம் எங்கே என்பது தெரியாது. கடல் வரைபடம் தனி. இந்தியக் கடற்படையின் கீழ் டேராடூனில் இயங்கும் நீர்ப்பரப்பு வரைபட அலுவலகம் அதை வெளியிடுகிறது. அதில் இருக்கும் எண்கள் ஆழம், மீட்டரில். கடல் நீர் ஏறுவதை ஏற்றம் என்றும் இறங்குவதை வற்றம் என்றும் சொல்வோம். வற்றம் அதிகமாக இருக்கும்போது எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற கணக்கில் போட்டிருப்பார்கள்.

ஆனால் வரைபடமும் முகத்துவாரங்களைப் பொறுத்தவரை நம்பகமானதல்ல. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மணல் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் இடம் மாறுகிறது. போன வருடம் ஆழமாக இருந்த இடம் இந்த வருடம் முழங்கால் தண்ணீர். அதனால் வரைபடத்தைப் பார்த்து வழியைக் குறித்துக்கொண்டு, முகத்துவாரத்துக்கு மட்டும் அந்த ஊர்க்காரரைக் கேளுங்கள். அந்தத் தண்ணீர் உங்களுக்குத்தான் தெரியாதது. அங்கே தினமும் வலை போடுகிறவருக்கு அது வீட்டு முற்றம்.

இன்னொன்று. ஜி.பி.எஸ்.ஸில் குறித்த இடங்களை ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். சின்னத் திசைகாட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், கிட்டத்தட்ட ஆறடி. அந்தக் கயிறு இன்றைக்கும் என் படகில் இருக்கிறது. குண்டின் அடியில் குழி இருக்கும், அதில் கொஞ்சம் சோப்பை அப்பி இறக்கினால் அடியில் மணலா, சேறா என்று ஒட்டிக்கொண்டு வரும். நங்கூரம் பிடிக்குமா பிடிக்காதா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

காசிமேட்டுக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் என்ன என்ன இருக்கிறது?

முதலில் தூண்டில் வளைவுகள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல் வரிசைகள் இவை. சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து கரையோரமாக வடக்கே நகரும் மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிவிட்டது. மெரினா அப்படித்தான் அகலமானது. எங்கள் பக்கம் மணல் வராமல் கடல் ஊரைத் தின்றது. எத்தனையோ தெருக்கள் போன பிறகுதான் இந்தக் கற்களைக் கொட்டினார்கள். மெரினாவில் மணலைப் பார்த்து மகிழ்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரிய வேண்டும் என்பது என் ஆசை, அதனால் சொன்னேன்.

படகோட்டிக்கு வேண்டிய விஷயம் இது. கல் வரிசை கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு முடிவதில்லை. நுனியில் சரிந்த கற்கள் தண்ணீருக்கு அடியிலும் கிடக்கும். கல்லில் அடித்துத் திரும்பும் அலையும் உள்ளே வரும் அலையும் மோதி, அந்த ஓரம் முழுக்கக் கொதிக்கும் உலை போல இருக்கும். கரையை விட்டு 2 கிலோமீட்டராவது தள்ளிப் போங்கள். திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அவசரத்துக்கு ஒதுங்க நினைத்தால் முதல் இடம் அது. கிளம்புவதற்கு முன்பே கரை வழியாகப் போய் அதன் வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஒதுங்கும் இடத்தை முதல்முறை பார்ப்பது ஆபத்து வேளையில் என்று ஆகக் கூடாது.

அடுத்து எண்ணூர் முகத்துவாரம், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். மண் சேர்ந்து மேடு தட்டியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் உள்ளே போக வேண்டாம்.

அதைத் தாண்டினால் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். 2001-இல் இயங்கத் தொடங்கிய காமராஜர் துறைமுகத்துக்கு அனல் மின் நிலையங்களுக்கான நிலக்கரிக் கப்பல்கள் வந்துபோகின்றன. அதன் வடக்கு அலைத்தடுப்புச் சுவர் மட்டும் சுமார் 3 கிலோமீட்டர் நீளம். மின் நிலையப் புகைபோக்கிகள் வெகு தூரத்திலிருந்தே தெரியும். நீங்கள் எவ்வளவு முன்னேறியிருக்கிறீர்கள் என்று பார்க்க அவை நல்ல அடையாளம். துறைமுக வாய்க்குள் எட்டிப் பார்க்கவும், சுவர் ஓரம் நிறுத்தித் தூண்டில் போடவும் கூடாது. பாதுகாப்புப் படை வந்து விசாரிக்கும்.

காட்டுப்பள்ளி தாண்டிவிட்டால் கரை தாழ்வான மணல், சவுக்கு, பனை என்று ஒரே மாதிரி இருக்கும். எங்கே இருக்கிறோம் என்று குழப்பம் வருவது இங்கேதான். பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கம் கண்ணில் படும்வரை ஜி.பி.எஸ்.ஸை நம்பிப் போங்கள்.

பெரிய கப்பல் எதிரே வந்தால்?

நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். நிலக்கரிக் கப்பல் மோட்டாரை நிறுத்தினாலும் கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே நின்று ஓட்டுபவருக்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் சின்னப் படகு தெரியவே தெரியாது. கப்பல் வரும் வழியைக் குறுக்கே கடக்கும்போது சாய்வாகப் போகாமல் நேர்க்குறுக்காக, சீக்கிரமாகக் கடந்துவிடுங்கள்.

மோதுமா மோதாதா என்று பார்க்க ஒரு எளிய வழி. படகில் ஒரு கம்பியையோ கம்பத்தையோ வைத்து அதன் நேரே கப்பலைப் பாருங்கள். படகைத் திருப்பாமல் ஒரு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கப்பல் அதே நேர்கோட்டிலேயே இருந்து, பெரிதாகிக்கொண்டு மட்டும் வந்தால் மோதல் வழியில் இருக்கிறீர்கள். உடனே வேகத்தைக் குறைத்து அதன் பின்பக்கமாகத் திரும்புங்கள்.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு பெரிய கப்பல்களே மோதிக்கொண்டன. எண்ணெய் கொட்டி எங்கள் கரை கறுத்துக் கிடந்ததை மறக்க முடியாது. பக்கெட்டில் அள்ளினார்கள். எல்லாக் கருவியும் வைத்திருந்த கப்பல்களுக்கே அந்த நிலை.

வலைகளை எப்படித் தெரிந்துகொள்வது?

தெர்மாகோல் துண்டு, பழைய பிளாஸ்டிக் கேன், கம்பில் கட்டிய கறுப்புக் கொடி, இவற்றில் எது மிதந்தாலும் அது வலையின் நுனி என்று எடுத்துக்கொள்ளுங்கள். மறு நுனி ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கலாம். வலைக்காரப் படகு அருகே நின்றால் கையைக் காட்டி, எந்தப் பக்கம் போகலாம் என்று கேளுங்கள். “அண்ணே, வலை எந்தப் பக்கம்?” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கையை நீட்டிக் காட்டுவார்கள்.

தண்ணீருக்குள் சுழலும் மோட்டார் விசிறியில் வலை சுற்றிவிட்டால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள், சாவியை எடுங்கள், பிறகு விசிறியைத் தூக்குங்கள். வலையை அறுக்காமல் பிரிக்கப் பாருங்கள். அறுத்தே ஆக வேண்டும் என்றால் முடிந்தவரை சின்னதாக அறுத்து, வலைக்காரரைத் தேடிப் போய்ச் சொல்லிவிடுங்கள். ஒரு வலை என்பது ஒரு குடும்பத்தின் கடன்.

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் எப்படி நுழைவது?

இந்தப் பயணத்தில் உயிர் போகும் இடம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் படகில் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு.

கடலிலிருந்து பார்க்கும்போது முகத்துவாரம் அமைதியாகத்தான் தெரியும். நமக்குத் தெரிவது அலையின் முதுகு. உடையும் பக்கம் கரையைப் பார்த்து இருக்கிறது. வெள்ளை நுரை தெரியவில்லையே என்று உள்ளே விட்டால், நடுவில் போன பிறகுதான் பின்னால் அலை எழுவது தெரியும்.

எனக்கே நடந்தது. வயது அப்போது இருபத்து மூன்று. மாசி மாதம், பௌர்ணமிக்கு அடுத்த நாள். ஏரித் தண்ணீர் வற்றி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஓடும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் முட்டினால் அலை செங்குத்தாக நிற்கும் என்பது காதால் கேட்டதுதான், கண்ணால் பார்த்ததில்லை. பாதி வழியில் விசிறி மணலைத் தொட்டது. ‘கர்ர்’ என்று ஒரு சத்தம், மோட்டார் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பச்சை நிறத்தில் ஒரு சுவர், மேல் விளிம்பு மட்டும் வெயிலில் கண்ணாடி போல ஒளிர்ந்தது. அது பின்பக்கமாக ஏறி, பெட்ரோல் கேன், சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. படகு பக்கவாட்டில் திரும்பாமல் மணல் மேட்டில் நேராகக் குத்தி நின்றதால் நானும் என் தம்பியும் பிழைத்தோம். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து கயிற்றைப் பிடித்தார். “தண்ணி வத்துற நேரத்துல ஏன் தம்பி உள்ள வந்தீங்க? ரெண்டு மணி நேரம் வெளியவே நின்னிருக்கலாமே” என்றார். திட்டக்கூட இல்லை.

அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஏற்றத்தின் கடைசிப் பகுதியில், தண்ணீர் உள்ளே போகும்போதோ நின்றிருக்கும்போதோ நுழையுங்கள். சென்னையில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் இருக்கும். அட்டமி ஒட்டிய நாட்களில் அதில் பாதிகூட இருக்காது, நீரோட்டமும் மெதுவாக இருக்கும். புதியவர்கள் அந்த நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு நுணுக்கம்: சென்னைக்கான அட்டவணையில் வற்றம் முடிந்துவிட்டது என்று போட்டிருந்தாலும், ஏரித் தண்ணீர் அதற்குப் பிறகும் வெளியே ஓடிக்கொண்டிருக்கும். அவ்வளவு பெரிய ஏரி அந்தச் சின்ன வாய் வழியாக வடிய நேரம் பிடிக்கும். அட்டவணையோடு கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே நுரையும் குப்பையும் கடலை நோக்கி ஓடினால் இன்னும் நேரம் வரவில்லை.

வெளியே நின்று குறைந்தது பதினைந்து நிமிடம் பாருங்கள். உள்ளூர்ப் படகு ஒன்று நுழையும், அது எங்கே திரும்புகிறது என்று குறித்துக்கொண்டு அதன் பின்னால் போங்கள். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டு, பின்பக்கமாகத் தள்ளி உட்கார வேண்டும், அணியம், அதாவது படகின் முன்பக்கம், லேசாக இருக்கட்டும். ஒரு அலையின் முதுகில் ஏறி, அதன் வேகத்துக்கே ஓட்டுங்கள். அதைத் தாண்டி முன்னால் சரியவும் வேண்டாம், பின்னால் வருவது உங்களைப் பிடிக்கவும் விடாதீர்கள். நடுவில் மனம் மாறித் திரும்பாதீர்கள். பக்கவாட்டில் அலை வாங்கினால் படகு உருண்டுவிடும்.

மனதுக்குச் சரியாகப் படவில்லையா? நுழையாதீர்கள். அப்படியே காசிமேட்டுக்குத் திரும்பும் அளவுக்கு எரிபொருள் உங்களிடம் இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்த கேள்வி.

எவ்வளவு பெட்ரோல்?

மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. 40 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு சுமார் 15 லிட்டர் குடிக்கும். நிதானமாக ஓட்டினால் 10 லிட்டர் என்று வைக்கலாம். போய்வர மூன்றேகால் மணி நேரம் என்றால் 32 லிட்டர், கையிருப்போடு 48 லிட்டர். எதிர் நீரோட்ட நாளில் 60 எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே கேனில் வைக்காதீர்கள். ஒரு கேனில் தண்ணீர் கலந்திருந்தால் இன்னொன்று காப்பாற்றும். என் ஆலோசனை, தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றை மோட்டாருக்கு முன்னால் பொருத்திவிடுங்கள். நடுக்கடலில் நின்றுபோகும் மோட்டார்களில் நான் அதிகம் பார்த்த கோளாறு பெட்ரோலில் தண்ணீர்தான்.

படகில் என்ன இருக்க வேண்டும்?

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், உடம்பில். பெட்டிக்குள் இருப்பது கணக்கில் சேராது. நங்கூரமும், நீங்கள் போகும் ஆழத்தைப் போல ஐந்து மடங்குக் கயிறும். மோட்டார் நின்று, காற்று கல் பக்கம் தள்ளும்போது உங்களை நிறுத்திவைப்பது அது ஒன்றுதான். துடுப்பு, ஸ்பார்க் பிளக், விசிறிப் பின், கத்தி, டார்ச் இரண்டு, தண்ணீர் இறைக்க வாளி, முதலுதவிப் பெட்டி. ஆளுக்கு 4 லிட்டர் குடிதண்ணீர். ஓட்டுகிறவர் கையில் மோட்டார் நிறுத்தும் கயிற்றை மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் மோட்டார் நின்றுவிடும், படகு அவரை விட்டு ஓடாது.

கைப்பேசி சிக்னல் கிடைக்குமா? ஆபத்தில் யாரை அழைப்பது?

கரையோரமாகப் போனால் பெரும்பாலும் கிடைக்கும். தண்ணீர் புகாத உறையில் போட்டு, கழுத்தில் மாட்டுங்கள். கடலோரக் காவல்படை 1554. தமிழகக் கடலோரக் காவல் பிரிவு 1093. இரண்டையும் கைப்பேசியில் பதிவதோடு படகின் உள்பக்கத்தில் பெயின்டில் எழுதிவிடுங்கள். வி.எச்.எஃப். வயர்லெஸ் இருந்தால் 16-ஆம் அலைவரிசை. வெளிநாட்டு நண்பர் கொடுத்த செயற்கைக்கோள் கைப்பேசியைக் கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

அழைத்தால் முதலில் சொல்ல வேண்டியது இடம். ஜி.பி.எஸ். எண்கள், பிறகு எத்தனை பேர், என்ன ஆபத்து.

அனுமதி வாங்க வேண்டுமா?

படகின் பதிவுச் சான்று, ஓட்டுபவர், வருபவர்கள் எல்லாருடைய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கிளம்பும் இடத்துக்குப் பக்கத்துக் கடலோரக் காவல் நிலையத்தில் எப்போது போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலில் சோதனை கடுமை. எழுதிக் கொடுத்தவரை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை. மீன்பிடிப் படகில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தவறு. பழவேற்காட்டு ஏரியில் பறவைகள் சரணாலயப் பகுதிக்குள் போக வனத்துறையின் சம்மதம் வேண்டும். ஏரி பல இடங்களில் ஒரு மீட்டர் ஆழம்தான், விசிறியைத் தூக்கியே போக வேண்டியிருக்கும்.

ராக்கெட் ஏவும் நாளில் போகலாமா?

கூடாது. ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருக்கிறது. ஏவுதல் நாளில் பழவேற்காட்டு மீனவர்களையே கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்வார்கள். தேதியைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். சாதாரண நாளிலும் முகத்துவாரத்துக்கு வடக்கே தீவின் பக்கம் போகாதீர்கள்.

இரவில்?

முதல் பயணம் இரவில் வேண்டாம். வலை தெரியாது, கல் தெரியாது, நகர விளக்குகளுக்கு நடுவே கப்பலின் விளக்கும் தெரியாது.

எந்த நேரத்தில் பயணத்தைக் கைவிட்டுத் திரும்ப வேண்டும்?

அதைக் கடலில் முடிவு செய்யாதீர்கள். கடலில் ஆசை இருக்கும், கூட வந்தவர்கள் முன்னால் கூச்சம் இருக்கும், “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று வாய் சொல்லும். கரையில், தேநீர் குடிக்கும்போதே முடிவு செய்யுங்கள். எனக்கு இருக்கும் அளவு இது: ஆறேகால் மணிக்குள் எண்ணூர் தாண்டவில்லை என்றால் திரும்புவேன். அலைகளின் உச்சியில் பரவலாக வெள்ளை நுரை உடைய ஆரம்பித்தால் திரும்புவேன். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தும் பழவேற்காடு வரவில்லை என்றால் திரும்புவேன். படகில் யாருக்காவது வாந்தி நிற்காவிட்டாலும் திரும்புவேன். உங்கள் படகுக்கு ஏற்ப உங்கள் அளவை வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவர்களிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், அப்புறம் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

வாயால் சொல்வது மறந்துபோகும். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். படகின் நிறம், பதிவு எண், எத்தனை பேர், யார் யார், கைப்பேசி எண்கள், போகும் வழி, ஒதுங்க நினைத்திருக்கும் இடம், திரும்பும் நேரம். கடைசியில் ஒரு வரி: “மதியம் ஒரு மணிக்குள் நான் பேசவில்லை என்றால் 1093-க்கும் 1554-க்கும் சொல்லு.” என் மனைவி அந்தத் தாளை சாமி படத்துக்குக் கீழே சொருகி வைப்பாள். படகைக் கட்டியதும் முதல் அழைப்பு அவளுக்கு. அவள் தாளை எடுத்துக் கிழித்த பிறகுதான் நான் மோட்டாரைக் கழுவப் போவேன்.